போர்வெல் தண்ணீரில் போட்ட டீ

எங்கள் சபையில் ஜூன் முதல் ஞாயிறு வீட்டு ஜெபம் முதலான வருஷ ஊழியங்கள் புதிதாய்த் தொடங்கும். அன்றைக்கு ஆராதனையில் ஒவ்வொரு குடும்பமாய் எழுந்து கர்த்தருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துக்காரன் முதலில் எழுந்தான். புது போர்வெல்லில் நல்ல தண்ணீர் கொடுத்தாரே, ஸ்தோத்திரம் என்றான். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அவன் போர் போட்டது என் கிணற்றை ஒட்டி. என் கிணறு வற்றித் தக்காளி வாடிக் கிடந்தது.

அடுத்து நான் எழுந்தேன். "எங்கெணறு வத்திப்போச்சுங்க. தண்ணி எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லி உட்கார்ந்தேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அவன் மறித்தான்.

"ஏங்க்கா, கோயில்ல பேசற பேச்சா இது?"

"நீ பேசினே. நானும் பேசினேன்."

போதகர் நடுவில் வந்தார். இந்த வருஷ வீட்டு ஜெபத்தை யார் வீட்டில் தொடங்கலாம் என்று பேச்சை மாற்றினார்.

"எங்க வூட்லயே வைங்க ஐயா. டீக்குத் தண்ணி மட்டும் இவன் கொண்டாரட்டும்" என்றேன்.

போதகர் சந்தோஷமாய்ச் சரி என்றார். அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு குடம் சுமந்து வந்தான். வா என்று வரவேற்காமல் குடங்களை மட்டும் வாங்கி உள்ளே வைத்தேன். எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டுக் கடைசியில் அவனுக்குக் கொடுத்தேன்.

"சக்கரையே இல்லியே" என்றான்.

"தண்ணி இருக்குதில்ல, குடி" என்றேன்.

எல்லாரும் போன பிறகு மிச்சமிருந்த ஒரு குடத்தைத் தக்காளிக்கு ஊற்றினேன். நாலைந்து செடிக்குத்தான் வந்தது. அந்தப் பக்கம் அவன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.