லென்ஸை எடுக்காத ஒரு மழைநாள்

திங்கட்கிழமை காலை, திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு வாழைக்கொல்லையில் நத்தைக் கணக்கெடுப்பில் இருந்தேன். கைப்பேசியில் ஹபீபாவின் பெயர் வந்தது. எடுத்தவுடனே, "இந்தக் கொல்லையில ஒண்ணுகூட இல்லங்க ஹபீபா" என்றேன். மறுமுனையில் அவருடைய மகள். "அத்தை... அம்மா மௌத்தாயிட்டாங்க."

விடியற்காலையில் நெஞ்சுவலி. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

வேளாண் துறையில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆப்பிரிக்க நத்தை இந்தப் பக்கம் பரவிய பிறகு, மழைக்கால விடியல்களில் பயிர்களுக்கிடையே குனிந்து நடப்பதே எங்கள் வேலையாயிற்று. கண்ட நத்தையையெல்லாம் மிதிப்பவர்களை ஹபீபா தடுப்பார். "தட்டையா சுருண்டிருந்தா நம்ம ஊரு நத்தைங்க. அது பாட்டுக்குப் போகட்டும். கூம்பு மாதிரி நீண்டிருந்தாதான் பயிருக்கு ஆபத்து" என்பார்.

அந்த இரக்கமே ஒருநாள் அவருக்கு வினையாயிற்று. கலியபெருமாள் என்பவரின் வெற்றிலைக் கொடிக்காலில் பட்டாணி அளவில் சில குஞ்சு நத்தைகளைக் கண்டோம். மழை வலுத்துக்கொண்டிருந்தது. ஹபீபா கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு நத்தைதாங்க, விட்டுடுங்க" என்றார். குஞ்சுப் பருவத்தில் ஆப்பிரிக்க நத்தையும் உருண்டையாகத்தான் இருக்கும். ஓட்டின் வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் பாதிக் கொடிக்கால் மொட்டையானது.

அன்று விட்ட குஞ்சுகள்தான் வளர்ந்து தின்றன என்று கலியபெருமாளுக்குத் தெரியாது. "இப்ப எதுக்குச் சொல்லணும்?" என்று நான்கூடக் கேட்டேன். ஹபீபா கேட்கவில்லை. நேரே போய், "அன்னிக்கு நான் லென்ஸை எடுக்கவே இல்லங்க. தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.

கலியபெருமாள் மொட்டைக் கொடிகளைப் பார்த்தபடி, "பொண்ணு கல்யாணத்தை இதை நம்பித்தாம்மா வச்சிருந்தேன். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்.

மறுநாள் விடியலில் கையுறையும் உப்புநீர் வாளியுமாக ஹபீபா அங்கே நின்றார். வேலியோரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். கலியபெருமாள் விரட்டவுமில்லை, பேசவுமில்லை. இரண்டு மழைக்காலம் அப்படியே கழிந்தது.

"அவர்தான் மன்னிக்கலையே, ஏன் போறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மன்னிக்கணும்னு போகலங்க. நத்தை இன்னும் இருக்கே" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை மாலை ஹபீபா வீட்டு வாசலில் கூட்டத்துக்குப் பின்னால் கலியபெருமாள் நின்றிருந்தார். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில் முன்னால் வந்து, ஹபீபாவின் கணவரிடம், "பாய், நானும் ஒரு பக்கம் தோள் குடுக்கலாமா?" என்று கேட்டார். கணவர் தம் தோளை விலக்கி இடம் கொடுத்தார்.

பெண்கள் நாங்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போகவில்லை. ஹபீபா, தெருமுனை வரைதான் என்னால் வர முடிந்தது. அதற்குமேல் உங்களைக் கலியபெருமாள் சுமந்து போனார்.