ஐஸ் வாளியும் வற்றல் டப்பாவும்

துபாயில் இரண்டு வருஷம் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. உண்மை அதுதான். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், உறைந்த கோழியும் காய்கறியும் அடுக்கி வைக்கும் ஒரு குளிர்கிடங்கில் எனக்கு டியூட்டி. உள்ளே எப்போதும் மைனஸ் இருபது. முக்கால் மணி நேரம் பெட்டி அடுக்கிவிட்டு வெளியே வந்து டீ குடிப்போம், மறுபடி உள்ளே போவோம். குழாய்களிலும் கதவு ஓரங்களிலும் வெள்ளை வெளேரென்று பனி படியும். சாயங்காலம் அதைச் சுரண்டிப் பெருக்கி வெளியே தள்ளுவது எங்கள் கடைசி வேலை. தள்ளிய பனி வாசல் வெயிலில் கிடந்து கண்ணெதிரே தண்ணீராகி ஓடும். இரண்டு ஏக்கர் புன்செயையும் ஒரு வறட்டுக் கிணற்றையும் விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தத் தண்ணீர் வீணாவதைப் பார்க்க வயிறு எரிந்தது.

எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம். கொஞ்சம் என்பது நான் சொல்வது. என் மனைவியைக் கேட்டால் வேறு சொல்வாள்.

ஊரில் எங்கள் கிணறு பங்குனியில் தரை தட்டிவிடும். மற்றவர்கள் நிலத்தைக் காயப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். நான் போகமாட்டேன். அந்தக் கோடையிலும் நாலு பாத்தி மிளகாயோ கத்தரியோ போட்டே தீருவேன். கிணற்றில் ஊறுகிற தண்ணீர் போதாதென்று அவள் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றுவாள். சித்திரை முடிவதற்குள் எல்லாம் கருகிவிடும். நாலு வருஷம் இப்படியே நடந்தது. ஐந்தாம் வருஷம் அவள் குடத்தை ணங்கென்று கீழே வைத்துவிட்டு, "இனிமே என்னால ஆகாது, நீங்க எங்கயாவது வேலைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டாள். அப்படித்தான் ஒரு புரட்டாசி மாதத்தில் நான் துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு வருஷ ஒப்பந்தம். முடிந்ததும் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்ப்பதா, கையெழுத்துப் போட்டு இன்னும் இரண்டு வருஷம் இருப்பதா என்பதுதான் அந்த நாட்களில் என் தலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே கேள்வி. அவளுக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

"இங்க வந்து வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காறதுக்கு அங்க ஐஸ் அள்ளுறதே மேல். பேசாம இருங்க" என்பாள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஃபோனிலும்.

வந்த முதல் ஆறேழு மாதம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. டியூட்டி, பஸ், ரூம், தூக்கம். சித்திரை வாக்கில்தான் எங்கள் பிளாக்கின் பின்பக்கம் கண்ணில் பட்டது. சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு மணல் துண்டு, இருபத்தைந்தடி நீளம் இருக்கும். கேம்ப் பாஸிடம் போய்க் கேட்டேன். அவர் மலையாளி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செய்யு. பட்சே வெள்ளம் தேங்கி கொசு வந்தா எல்லாம் பிடுங்கி எறியும், கேட்டோ" என்றார். செய்துகொள், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது என்று அர்த்தம்.

நான் உடனே விதைத்திருந்தாலாவது சொல்வதற்கு ஒரு சமாதானம் இருக்கும். விதைக்கவில்லை. ஆடிக்காகக் காத்திருந்தேன். ரூமில் என் கட்டிலுக்கு மேலே ஊரிலிருந்து வருஷா வருஷம் வரவழைக்கும் தினசரிக் காலண்டர் தொங்கியது. தினமும் தாளைக் கிழித்துக்கொண்டே வந்து ஆடிப்பெருக்கு அன்று விடியற்காலையில் எழுந்து குளித்து, கற்பூரம் கொளுத்தி வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினேன். விதையை அவள்தான் லீவு முடிந்து வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். எங்கள் அப்பா, அவர் அப்பா எல்லாரும் ஆடியில்தான் விதைத்தார்கள். துபாய் வெயில் நம் ஊர்க் காலண்டரைப் பார்த்தா அடிக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அந்த மாதத்தில் செருப்பில்லாமல் பாத்ரூமுக்குப் போனால் கால் பொத்துவிடும்.

குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தது. அதை ஊற்றினால் விதை வெந்துவிடும். அப்போதுதான் எனக்குக் குளிர்கிடங்குப் பனி ஞாபகம் வந்தது. ஒரு பெரிய பெயிண்ட் வாளியைக் கழுவி எடுத்துப் போனேன். சாயங்காலம் சுரண்டிய பனியை அதில் அமுக்கி நிரப்பி, மூடி போட்டுக் கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முக்கால் மணி நேரப் பயணத்தில் பாதி கரையும். குழாயின் வெந்நீரோடு கலந்தால் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். அதைப் பாத்திக்கு ஊற்றினேன்.

"என்ன ஐஸ்காரரே, சேமியா ஐஸ் இருக்கா?" என்று பஸ்ஸில் கேட்காதவன் பாக்கி இல்லை. கேட்டவனை எல்லாம் முறைத்தேன். பேண்ட் நனைந்து தொடை விறைத்துப்போகும். நான் வாளியைக் கீழே வைக்கவில்லை.

விதை முளைத்தது. அந்த இரண்டு இலைகளைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரூமில் இருந்த ஆறு பேரையும் எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினேன். நாலாம் நாள் அத்தனையும் வெந்த கீரையாகத் தரையோடு கிடந்தது. மறுபடி ஊன்றினேன். மறுபடி போயிற்று. மூன்றாம் தடவை இரண்டு வாளி கொண்டுவந்தேன். அதுவும் போயிற்று. ஃபோனில் அவளிடம் சொன்னேன்.

"இங்க குடம், அங்க வாளியா? ஊரு மாறினாலும் நீங்க மாற மாட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அலுத்துப்போய்ச் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது.

என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில் நேபாளத்துக்காரன். அதே கிடங்கில் எனக்கு ஜோடியாகப் பெட்டி அடுக்குகிறவன், என் வயசுதான். மலையில் உசரத்தில், வருஷத்தில் நாலு மாதம் பனி மூடுகிற ஊர் அவனுடையது. நாங்கள் இருவரும் ஹிந்தியில் பேசிக்கொள்வோம். என் ஹிந்தி அரைகுறை, அவன் ஹிந்தி முக்கால்குறை. நான் மூன்றாம் தடவையும் கருகிய பாத்தி முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"பாய், பரஃப் மே கோயி பீஜ் டால்தா ஹை க்யா?" என்றான். பனி கொட்டும்போது யாராவது விதைப்பார்களா என்று கேட்கிறான்.

"இங்கே எங்கேயடா பனி?" என்று எரிந்து விழுந்தேன்.

அவன் வெயிலைக் கையால் காட்டினான். இதுதான் இந்த ஊரின் பனி என்றான். அவன் ஊரில் பனிக்காலத்தில் வாசற்கதவையே திறக்க முடியாதாம். அப்போது மண்ணோடு யாரும் மல்லுக்கு நிற்க மாட்டார்களாம். அதற்கு முன்னாலேயே உருளைக்கிழங்கைக் குழி தோண்டிப் புதைத்து, முள்ளங்கியைச் சீவிக் காயவைத்து, கீரையைப் புளிக்க வைத்து உலர்த்தி ஜாடியில் அடைத்துவிடுவார்களாம். பனி விழுந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அதைத் தின்பார்களாம். "அது தோற்பது இல்லை பாய், அது சாப்பிடுகிற காலம்" என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. வற்றல் போடுவதை எனக்கு ஒரு மலைக்காரன் சொல்லித்தர வேண்டுமா? எங்கள் வீட்டு மாடியில் மாசி, பங்குனியில் காயாத வற்றலா? ஆனால் அன்று படுத்தபிறகு யோசித்துப் பார்த்தேன். நாங்கள் வற்றல் போட்டது ருசிக்கு. குழம்பில் கொஞ்சம், தயிர்சாதத்துக்குக் கொஞ்சம். அதை நம்பி ஒரு கோடையை ஓட்டலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கோடை வந்தால் வாளியைத் தூக்குவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாளியைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வந்தேன். எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வெயில் தணிந்ததும் விதைக்க வேண்டும். விளைகிறவரை விளைந்ததைத் தின்றது போக மிச்சத்தைச் சேர்த்துவைக்க வேண்டும். அடுத்த ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் கடையில் ஒரு காய் வாங்கக் கூடாது. அரிசி, பருப்பு, வெங்காயம் வாங்கலாம். அது முடிந்தால் ஊரிலும் தண்ணீருக்கு அலையாமல் கோடையை ஓட்டலாம், திரும்பிவிடுவேன். முடியாவிட்டால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பெட்டி அடுக்குவேன். நேபாளத்தானிடம் சொன்னேன். அவன் தானும் சேர்ந்துகொள்வதாகச் சொன்னான்.

அவளிடம் மறுபடி விதை கேட்டபோது திட்டினாள். திட்டிவிட்டு முதல் தடவையைவிட இரண்டு மடங்கு அனுப்பினாள்.

ஐப்பசியில் ஊன்றினோம். கேம்ப்பின் பொதுச் சமையற்கட்டுக் காய்த்தோல், டீத்தூள் எல்லாவற்றையும் மணலில் புதைத்து மண்ணைக் கொஞ்சம் மண்ணாக்கியிருந்தோம். இப்போது குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பனி தேவைப்படவில்லை. தக்காளியும் கத்தரியும் மார்கழியில் காய்த்துத் தள்ளின. முள்ளங்கி தொடை மாதிரி விளைந்தது. வெண்டை குளிரில் சோம்பிக் கிடந்து மாசியில் எழுந்துகொண்டது. கேம்ப் பாஸ் ஒரு நாள் வந்து பார்த்தார். கொசு இருக்கிறதா என்று குனிந்து தேடிவிட்டு, ஒரு கை பச்சைமிளகாயைப் பறித்துக்கொண்டு போனார்.

பங்குனியிலிருந்து வற்றல் வேலை. குளிர்கிடங்கின் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மொட்டைமாடியில் விரித்தோம். கொத்தவரங்காயை உப்புப்போட்டு ஒரு கொதி விட்டு எடுத்தோம். வெண்டையைச் சாய்த்து நறுக்கினோம். மிளகாயைக் கீறி, மோருக்குப் பதில் கடையில் விற்கும் லபனில் ஊறவைத்தோம். ஊரில் நாலு நாள் காய்வது இங்கே ஒன்றரை நாளில் சரசரவென்று காய்ந்தது. மணல் காற்று அடித்தால் வேட்டியைப் போட்டு மூடிவிட்டு அதன்மேல் நாங்களே உட்காருவோம். நேபாளத்தான் முள்ளங்கிக் கீரையை நசுக்கி ஜாடியில் புளிக்கவைத்தான். அந்த வாடைக்கு ரூமில் பெரிய சண்டையே வந்தது. வைகாசி கடைசியில் என் கட்டிலுக்கு அடியில் பதினான்கு பால்பவுடர் டப்பா நிரம்பியிருந்தது. செடிகள் வாடத் தொடங்கின. முதல் தடவையாக நான் ஒன்றும் செய்யவில்லை. பிடுங்கி மண்ணில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். கை சும்மா இருந்தது எனக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆனி சுலபமாகப் போயிற்று. ஆடியில் கிடங்கில் ஒரு பெட்டி கிழிந்து, உறைந்த வெண்டைக்காய் பொட்டலங்கள் தரையில் சிதறின. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஆளாளுக்கு அள்ளினார்கள். நேபாளத்தானும் ஒன்றை எடுத்தான். "வாங்கவில்லையே பாய், ஃப்ரீ" என்றான். நான் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பொட்டலத்தை அவன் அடுத்த ரூமுக்குக் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான். அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆவணியில் அடி விழுந்தது. கடல் பக்கமிருந்து ஈரக் காற்று அடிக்கிற நாட்கள் அவை. மூடி சரியாக மூடாத நாலு டப்பாவில் பூஞ்சணம் பூத்துவிட்டது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டும்போது எனக்கு அழுகை முட்டியது. மிச்சம் இருந்தது மூன்றே டப்பா. இன்னும் இருபது நாள். அன்றிலிருந்து கைப்பிடி அளவு குறைந்தது. ஒரு நாள் வெங்காயமும் மோர் மிளகாயும் மட்டும். ஒரு நாள் அவன் புளித்த கீரையைக் கொதிக்கவைத்து எனக்கும் ஊற்றினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கடை வாசலில் கத்தரிக்காய் பளபளவென்று அடுக்கியிருக்கும். நான் எதிர்ச்சாரியில் நடந்தேன்.

காலண்டரில் ஆவணியின் கடைசித் தாளைக் கிழித்த வாரத்தில் ஒப்பந்தத் தாள் வந்தது. புதுப்பிக்க ஒரு கட்டம், வேண்டாம் என்றால் ஒரு கட்டம். அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அவளுக்கு ஃபோன் போட்டேன். காய் வாங்காமல் மூன்று மாதம் ஓட்டியதைச் சொன்னேன்.

"வெங்காயம்?" என்று கேட்டாள்.

"அது வாங்கினேன்."

"பூஞ்சணம் புடிச்சிருக்குமே."

"நாலு டப்பா போச்சு."

"மூடியில துணி வச்சுக் கட்டணும். அதுகூடத் தெரியல" என்றாள். பிறகு, "சரி, கோடையில என்ன போட்டீங்க? தண்ணிக்கு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் போடல" என்றேன். "சும்மா இருந்தேன். இந்த ஆடியில நான் ஒரு வாளிகூடத் தூக்கல."

ஃபோன் கார்டின் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நாலு வருஷம் அவள் சுமந்த குடங்களுக்கு நான் ஒரு தடவைகூட ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"இன்னும் எத்தனை டப்பா மிச்சம் இருக்கு?"

"ஒண்ணு. அதுலயும் பாதிதான்."

"அது தீர்றதுக்குள்ள வந்து சேருங்க" என்றாள்.