படிக்காமல் அமுக்கிய ஓகே

எனக்குப் பொறுமை கிடையாது. பிறவிக் கோளாறு. பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க மாட்டேன். எங்கேயாவது போய்விட்டு, பொங்கி வழிந்த பிறகு வந்து அடுப்பைத் திட்டுவேன். இப்படிப்பட்டவள் திருப்போரூரில், பத்திரப் பதிவு ஆபீஸ் பக்கத்தில், டைப்பிங் ஜெராக்ஸ் கடை வைத்தால் என்ன ஆகும்? திரையில் எந்தப் பெட்டி முளைத்தாலும், அது என்ன கேட்கிறது என்று பார்க்காமல் ஓகே அமுக்குவேன். காத்திருப்பவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். "ஓகே குடுமா சீக்கிரம், உள்ள டோக்கன் கூப்ட்டுகினு கீறாங்க!"

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் விண்டோஸ், அதுவும் யாரோ ஏற்றிக் கொடுத்த திருட்டுக் காப்பி. அப்டேட் போட்டால் பூட்டிக்கொள்ளுமோ என்று பயந்து அதையும் நிறுத்தி வைத்திருந்தேன். பாஸ்வேர்டும் கிடையாது, அதைத் தட்ட யாருக்கு நேரம்? மனை விற்கிறவர், வக்கீல் குமாஸ்தா, காலேஜ் பிள்ளைகள் என்று எல்லார் பென்டிரைவும் அதில்தான் போய் வரும். வாரம் தவறாமல் ஏதாவது ஒரு வைரஸ் வந்து உட்காரும்.

இன்னொன்று தம்பி கொடுத்த பழைய மெஷின். அவன் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்க்கிறான். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. "இன்னாமா இது, வேற மாரி கீது?" என்றார்கள். துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

"அதுக்கு மட்டும் ஏன்டா வைரஸ் வர்றதில்ல? இரும்புலயா செஞ்சிருக்கான்?" என்று ஒருமுறை அவனைக் கேட்டேன்.

"கிருத்திகை அன்னிக்கு செயின் அறுக்கறவன் எங்கக்கா நிப்பான்? கோயில் வாசக் கூட்டத்துலயா, ஆளில்லாத பஸ் ஸ்டாப்புலயா? ஊர்ல பாதிக்கு மேல டேபிள்ல விண்டோஸ்தான் கீது. வைரஸ் எழுதறவன் அதுக்குத்தான் எழுதுவான். அப்புறம், லினக்ஸ்ல ஒன்ன உள்ள ஏத்தணும்னா பாஸ்வேர்டு கேக்கும், நீ நின்னு யோசிக்கணும். விண்டோஸும் கேக்கத்தான் செய்யுது. ஒழுங்கா வெச்சுகினா அதுவும் நல்லாதான் இருக்கும். நீதான் வர்றவனுக்கெல்லாம் கதவத் தொறந்துவுட்டுனு உக்காந்துனுகீற."

"போடா, பெரிய இவன்" என்றேன். சுருக்கென்று கோபம் வந்தது, உண்மையைச் சொன்னதால்.

ஆடிக் கிருத்திகை அன்று காலை செய்யூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நின்றபடியே வேலை. கூடவே டிப்ளமோ படிப்பு. புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து அன்று ஐந்து மணிக்குள் செங்கல்பட்டு காலேஜில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் டிப்ளமோ, டிப்ளமோ வந்தால் செக்கிங் பிரிவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. "கால் வீங்கிப் போவுதுக்கா" என்று சிரித்தாள்.

அவள் பென்டிரைவை விண்டோஸ் மெஷினில் சொருகினேன். உள்ளே ஃபோல்டர் எதுவும் இல்லை, வெறும் ஷார்ட்கட்டுகள். எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. எனக்குப் பழகிய வைரஸ்தான். இப்படி வந்தால் ஃபார்மட் போட்டு மொத்தத்தையும் துடைத்துவிட்டு, வீட்டிலிருந்து மறுபடி ஏற்றி வரச் சொல்லி அனுப்புவது என் கடை வழக்கம். கடையில் கோயில் கூட்டம் நெரிந்தது. "வைரஸ் தின்னுடுச்சு" என்றேன். ஃபார்மட் கொடுத்தேன், பெட்டி முளைத்தது. அமுக்கினேன்.

"வூட்ல இருக்கும்ல, மறுபடி ஏத்திகினு வந்துடு."

"இல்லக்கா. இரவல் லேப்டாப்ல அடிச்சேன். திருப்பித் தரப்ப அதுல அழிச்சிட்டேன்."

தம்பிக்கு போன் போட்டேன். "அடிப்பாவி, ஃபார்மட்டா போட்ட? அது தின்னாதுக்கா, மறைச்சுதான் வெக்கும். துண்டு போட்டு மூடி வெச்சிருக்கியே, அதுல சொருகியிருந்தா அத்தினியும் தெரிஞ்சிருக்கும்" என்றான்.

நம்பவில்லை. வரிசையில் நின்ற ஒரு குமாஸ்தாவின் பென்டிரைவிலும் அதே கோளாறு. துண்டை உருவி, அதைப் பழைய மெஷினில் சொருகினேன். ஃபோல்டர்கள் வரிசையாக, ஒன்று குறையாமல் நின்றன. அவளும் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுடையதைச் சொருகினேன். காலி.

தம்பி லீவு சொல்லிவிட்டு பைக்கில் ஓடி வந்தான். என்னென்னவோ போட்டு மீட்டுப் பார்த்தான். படங்கள் வந்தன, எழுத்து முழுசாக வரவில்லை. நாற்பது பக்கத்தில் ஆறு பக்கம் தேறியது. நான் கடைக்கு உள்ளும் வெளியுமாக நடந்துகொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை திட்டினாலாவது பரவாயில்லை என்றிருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தும் ஆனது.

"அடுத்த வருசம்தான்க்கா இனிமே" என்று எழுந்தாள்.

"என்னைத் திட்டிட்டுப் போ தாயி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

பென்டிரைவைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "எல்லாம் அழிஞ்சிடும்னு அந்தப் பொட்டியில போட்டிருந்துச்சுக்கா. நான் படிச்சுகினுதான் இருந்தேன். வேணாம்னு சொல்றதுக்குள்ள நீங்க அமுக்கிட்டீங்க."