மேலே குனிகிற முகம்

மீன் சந்தையில் ஏலம் கூவுகிற அவரை எல்லாரும் வெண்கலத் தொண்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு காலை, பாதி ஏலத்தில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். மருத்துவமனையில் நினைவு திரும்பியபோது கை, கால், கழுத்து, நாக்கு எதுவுமே சொன்னபடி கேட்கவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, மனசைத் தேத்திக்க" என்று மச்சினன் அவர் தலைமாட்டிலேயே நின்று தன் அக்காவிடம் சொன்னான். 'அடேய், எல்லாம் தெரியுதுடா!' என்று இவர் உள்ளுக்குள் கத்தினார்.

பதினோரு வாரம் இப்படியே போனது. ஒருநாள் மனைவி சவரம் செய்துவிடும்போது பிளேடு தாடையைக் கீறிவிட்டது.

"ஐயோ, வலிக்குதாங்க?"

இமையை இறுக்கி மூடித் திறந்தார். அவள் கை அப்படியே நின்றது.

"நான் பேசுறது கேக்குதா? கேட்டா இன்னொரு தடவை மூடுங்க."

மூடினார். சோப்பு நுரைக் கையோடு ஓடிப்போய் நர்ஸை இழுத்து வந்தாள்.

அன்றே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். க, ச, த, ந, ப, ம என்று வரிசையாகச் சொல்லுவாள். வேண்டிய இடத்தில் அவர் கண்ணை மூடுவார். பிறகு கா, கி, கீ. அப்படி எழுத்துக் கூட்டி அவர் சொன்ன முதல் வார்த்தை, மூக்கு. அரித்து அரித்துப் பிராணன் போய்க்கொண்டிருந்தது மனுஷருக்கு. அவள் சொறிந்துவிட்டாள். அப்படியொரு சுகத்தை அவர் ஜென்மத்தில் கண்டதில்லை.

மூன்று வருஷம் கழித்து, மகளின் தோழி, குறும்படம் எடுக்கிறவள், கேமராவோடு வீட்டுக்கு வந்தாள். "நீங்க இழந்ததுல எது பெருசு அங்கிள்?" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் கண் சிமிட்டி அவர் சொன்ன பதில்: "நான் என்ன அசையவா போறேன்? அவளை எடு."

படத்தை நூலக அரங்கில் திரையிட்டார்கள். அவரையும் சக்கர நாற்காலியில் சாய்த்து அழைத்துப் போனார்கள். படுத்த படுக்கையில் அவருக்கு மனைவி என்றால் மேலே குனிகிற ஒரு முகம்தான். திரையில் முழுசாகத் தெரிந்தாள். அடுக்களைச் சுவரைப் பிடித்தபடி இடுப்பை அமுக்கிக்கொள்கிறாள். மூன்றாவது படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். பிறகு முகத்தைத் துடைத்து, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அவர் அறைக்குள் போகிறாள்.

விளக்கு எரிந்ததும் எழுத்துக் கூட்டினார். "இடுப்பு வலின்னு ஏன் சொல்லல?"

"சொன்னா எந்திரிச்சு வந்து பிடிச்சுவிடவா போறீங்க?" என்று சிரித்தாள்.

"டாக்டர்கிட்ட போ" என்றார்.

அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் மகள் வந்து பார்த்துக்கொண்டாள். மனைவி சிகிச்சைக்குப் போய்வந்தாள். படம் எடுத்த பெண்ணுக்கு அவர் மகளிடம் கடிதம் எழுதச் சொன்னார். மூன்றே வரி, ஒரு முழுப் பகல் பிடித்தது.

"என் பொண்டாட்டி நடந்து போறதைப் பாத்து மூணு வருஷம் ஆச்சும்மா. நீ காட்டின. நல்லா இரு."