உறிஞ்சிப் பூட்டுகிற கார்

என் முதல் நோன்பை நான் மாமாவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று எங்கள் குடும்பத்தில் இன்றுவரை நம்புகிறார்கள். புதிதாக வருகிற மருமகள்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். உண்மை என்னவென்றால், அன்று காலை பதினோரு மணிக்கே அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கை பொட்டுக்கடலையைச் சர்க்கரையோடு சேர்த்து மென்று, ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்துவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு போய், அம்மா முன்னால் கொஞ்சம் வாடின முகத்தோடு நின்றேன். அம்மா பதறிப்போய், இவள் பசியை மறக்கட்டும், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், சொன்னாள். அப்படித்தான் நான் ஸ்ரீரங்கம் போனேன்.

அத்தாவுக்குப் பாலக்கரையில் பழைய லாரி உதிரிபாகக் கடை. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஏழு வருஷம் சவுதியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு அந்த ரமலானுக்கு வந்திருந்தார். பெருநாள் முடிந்ததும் திரும்பிப் போவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, போகவில்லை, இங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப் போடுகிறேன், கடைக்கு முன்னால் இருக்கிற ஷெட்டைக் கொடுங்கள் என்று அத்தாவிடம் கேட்டார். அத்தாவுக்கு மாமாவின் வேலை மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. அங்கே இவன் காரைத் துடைத்துக்கொண்டுதான் இருந்திருப்பான் என்று அம்மா காதில் விழும்படியே சொல்வார். அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்து வாடிக்கையாளர் ஒருவர், தன்னுடைய பழைய ஜெர்மன் காரை ஊரில் எந்த மெக்கானிக்கும் தொடமாட்டேன் என்கிறான் என்று புலம்பினார். அத்தா மாமாவைப் பார்த்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இதைச் சரி பண்ணினால் ஷெட் உனக்கு, இல்லாவிட்டால் பேசாமல் பிளைட் ஏறு.

அன்று மூவரும் அத்தாவின் வேனில் ஸ்ரீரங்கம் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் வேன் நெரிசலில் நின்றபோது, மாமா விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். அவர் இங்கேயே இருந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்கிற அளவில் நானும் கவலையாகத்தான் இருந்தேன்.

கார் சித்திரை வீதியில் ஒரு வீட்டு வாசலில் நின்றது. கப்பல் மாதிரி நீளம், தயிர் நிறம். கார்க்காரப் பெரியவர் ரிட்டயர்டு இன்ஜினியர். நெற்றி நிறையத் திருமண், கையில் கார்ச் சாவி. பூட்டினால் எல்லாக் கதவும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது, திறந்தால் டிரைவர் கதவு மட்டும்தான் திறக்கிறது என்றார். மற்ற மூன்று கதவுகளை எம்பி உள்ளேயிருந்து கையால் திறந்துவிடலாம். டீசல் போடுகிற மூடியை என்ன செய்வது? அதுவும் இதே பூட்டில்தான் சேர்ந்திருக்கிறது, அதற்குக் கைப்பிடியே கிடையாது.

"தம்பி, நாளைக்குக் காலம்பற என் பொண்ணும் பேரனும் ரயில்ல வரா. டேங்க்ல டீசல் தீரப்போறது. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்கோ," என்றார்.

ஆட்டோவில் அழைத்து வரலாமே என்று எனக்குத் தோன்றியது. கார் வைத்திருப்பவர்களுக்கு அப்படியெல்லாம் தோன்றாது போலிருக்கிறது.

மாமா காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு அவர் பேசியதைக் கேட்டு அத்தாவே கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். இந்தக் காரில் பூட்டுக்குக் கரண்ட் கிடையாதாம். இன்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சி, அந்த உறிஞ்சலை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். சாவியைத் திருப்பினால் அது மெல்லிய குழாய்கள் வழியாக ஒவ்வொரு கதவுக்கும் போய் உள்ளே இருக்கிற ரப்பரை இழுக்குமாம். பூட்ட ஒரு குழாய், திறக்க ஒரு குழாய். திறக்கிற வழியில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, சேர்த்து வைத்த உறிஞ்சல் அதிலே வீணாய்ப் போகிறது என்றார். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை பத்து நிமிஷம்.

பின் சீட்டைக் கழற்றி, அடியில் விரிந்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கினார். திறக்கிற குழாய் அந்த இடத்தில் நாலு கிளையாகப் பிரிந்து போனது. மூன்று கிளை மூன்று கதவுகளுக்கு, ஒன்று பின்னால் டிக்கிக்கும் டீசல் மூடிக்கும். நாலையும் தனித்தனியாகக் கழற்றிவிட்டு மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப ஒவ்வொண்ணா உறிஞ்சிப் பாக்கணும் மச்சான். அங்க அதுக்கு ஒரு கைப் பம்பு இருந்துச்சு. இங்க வாய்தான்."

"வாயிருக்கே, உறிய வேண்டியதுதானே மாப்ளே?"

"நோன்பு மச்சான். குழாய்க்குள்ள இருபது வருஷத்துத் தூசி. தொண்டைக்குள்ள போச்சுன்னா?"

அத்தாவும் நோன்பு. இருவரும் சேர்ந்தாற்போல் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு அடி பின்வாங்கினார். அன்று ஏகாதசியாம். காலையிலிருந்து தண்ணீர்கூட வாயில் படவில்லையாம். அதுவும் போக, பல் செட்டு. உறிஞ்சினால் அது குழாயோடு போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆக, உறிஞ்ச வேண்டிய ஒரு காரைச் சுற்றி மூன்று பேர் பட்டினியாக நின்றார்கள். அக்கம்பக்கத்தில் கேட்கலாமென்றால் அந்த வீதி முழுக்க ஏகாதசி.

நேரம் போய்க்கொண்டிருந்தது. அத்தா வாட்சைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். வேலை தெரியாதவன் சாக்குச் சொல்கிறான் என்கிற சிரிப்பு அது. சரி, கிளம்பலாம், பெருநாளைக்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வேன் சாவியை எடுத்தார். பெருநாளைக்கப்புறம் என்றால் பிளைட் என்று அர்த்தம். மாமா எழுந்திருக்கவில்லை. கழற்றிய குழாயை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"நான் உறியுறேன்," என்றேன்.

"ஏய், உன் மொத நோன்புடி!" என்று அத்தா சத்தம் போட்டார். பொட்டுக்கடலையைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்திருக்காது. நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, மாமாவுக்காகப் பரவாயில்லை என்றேன். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "குழந்தை தன் விரதத்தையே விட்டுக் குடுக்கறதே!" என்று மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். நானும் கொஞ்சம் கலங்கினேன். நடிக்க ஆரம்பித்தால் அதுவும் வந்துவிடுகிறது.

முதல் குழாயை வாயில் வைத்து இழுத்தேன். பழைய ரப்பரும் மண்ணும் கலந்த கசப்பு. கன்னம் இரண்டும் ஒட்டிப்போக இழுத்ததில், முன்கதவில் பூட்டுக் குமிழ் டொக்கென்று மேலே எம்பியது! வாய்க்குள் வைத்தபடியே குழாயின் முனையை நாக்கால் அடைக்கச் சொன்னார் மாமா. அடைத்தேன். நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒட்டினால் அந்த வழி சுத்தம், ஒட்டாமல் விட்டுவிட்டால் அதில்தான் ஓட்டை. இரண்டாவது கதவும் டொக். மூன்றாவதும் டொக். மூன்றிலும் நாக்கு ஒட்டியது. அத்தா இப்போது வேன் சாவியைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது குழாய். இழுத்தேன், இழுத்தேன், எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். எதுவும் எம்பவில்லை. நாக்கை வைத்தேன். ஒட்டவே இல்லை.

"மாமா, இது ஒட்டல," என்றேன்.

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டிக்கியைச் சாவியால் திறந்து ஓரத்து அட்டையைக் கழற்றினார். நாலு திருகாணியைக் கழற்றுவதற்குள் இரண்டு தடவை பம்பரில் உட்கார்ந்து எழுந்தார். நோன்புக் களைப்பு என்று பெரியவர் பரிதாபப்பட்டார். உள்ளே, இரண்டு குழாய்களைச் சேர்க்கிற சுண்டுவிரல் நீள ரப்பர் இணைப்பு, பழைய அழிரப்பர் மாதிரி வெடித்துப்போயிருந்தது. இதற்கு ஜெர்மனியிலிருந்தா வரவழைக்க வேண்டும் என்று பெரியவர் பயந்தார். சைக்கிள் கடையில் ஒரு முழம் வால் டியூப் வாங்கி வாருங்கள், அது போதும் என்றார் மாமா. அத்தாவே போனார். பெரியவர் எனக்குப் பழச்சாறு கொண்டுவர உள்ளே போனார்.

அப்போதுதான் பார்த்தேன். தூக்கி நின்ற டிக்கி மூடியின் மறைவில், மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, காரில் கிடந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தார். திரும்பினால் நான் நிற்கிறேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இந்த உலகத்தில் நோன்புத் திருடி நான் ஒருத்தி மட்டுமில்லை!

"நானும் காலைலயே பொட்டுக்கடலை தின்னுட்டேன் மாமா," என்று கிசுகிசுத்தேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், காரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி வெகுநேரம் இருமினார். பிறகு என் தலையில் கையை வைத்தார். "அம்மாகிட்ட சொல்லிடாதேம்மா. நானும் உன்னப் பத்தி சொல்லல." சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். நோன்பே இல்லாத மனுஷர் ஏன் அந்தக் குழாயைத் தானே உறியவில்லை என்று ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தேன். அத்தா முன்னால் பொய்யைக் கடைசிவரை காப்பாற்றுகிறார் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். மாமா மேல் மரியாதை கூடிப்போயிற்று.

வால் டியூப் வந்தது. மாமா அளவாக வெட்டி, எச்சில் தொட்டு மாட்டி, எல்லாவற்றையும் பழையபடி பூட்டினார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பெரியவரிடம் சாவியைக் கொடுத்தார். அவர் திருப்பினார். எல்லாக் குமிழ்களும் சேர்ந்து இறங்கின. மறுபக்கம் திருப்பினார். சேர்ந்து எம்பின, பின்னால் டீசல் மூடியும் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. பெரியவர் சின்னப் பையன் மாதிரி ஏழெட்டுத் தடவை பூட்டித் திறந்தார். திரும்புகிற வழியில் பாலத்தின் மேல் வைத்து அத்தா, "ஷெட்டை நாளைக்கே காலி பண்ணச் சொல்றேன் மாப்ளே," என்றார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் நோன்பு திறக்கும்போது, நோன்பே இல்லாத எனக்கு மல்லிகைப்பூ மாலை போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள்.

மாமாவின் ஒர்க்‌ஷாப் இரண்டு வருஷம் நடந்தது. நன்றாகவே நடந்தது. அவர் உட்கார்ந்தபடி கண்டுபிடிப்பார், தூக்குகிற வேலையும் ஊதுகிற வேலையும் மற்றவர்கள் செய்வார்கள். மூன்றாவது ரமலானுக்கு முன்னால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சுக்குள் பெயிண்ட் புகையும் தூசியும் படிந்து, நுரையீரல் பாதிக்குமேல் வேலை செய்யவில்லை என்றார்கள். சவுதியில் அவரைத் திருப்பி அனுப்பியதே எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு குழாயை இழுத்துப் பிடிக்கிற மூச்சு அன்றைக்கே அவரிடம் இல்லை. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று மதரஸாவில் மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். அவர் நோயாளி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அந்த மாத்திரை அட்டையைக் காட்டி, இதை எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறார் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாமல் சாப்பிட்டிருக்கிறான் டாக்டர், இப்போது கொஞ்ச நாளாகத்தான் இருக்கும் என்று அம்மா அழுதாள். முன்பே யாராவது கூட்டி வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை. அம்மா அங்கே நின்ற எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். எனக்குப் பதினொரு வயது. மாமாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு, நல்ல பிள்ளையாக அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.