மெல்லிய ஆயில் ஊற்றி மலை ஏறிய ஸ்டெல்லா டீச்சர்

செய்தி வந்தபோது நான் திருக்கோவிலூரில் என் தங்கை மகளின் வளைகாப்பில் இருந்தேன். கையில் வளையல் தட்டு. போனில் கரியாலூர் ஜீப் ஸ்டாண்டு தங்கதுரை. "டீச்சர், நம்ம ஸ்டெல்லா டீச்சரு காலையில மாரு வலிக்குதுன்னு சொல்லிக்கினே சாஞ்சிட்டாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போய்ட்டாங்க டீச்சர்" என்றார். "வாயக் கழுவுங்க முதல்ல!" என்று கத்திவிட்டேன். சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.  அந்தப் பக்கம் தங்கதுரை அழுவது மட்டும் கேட்டது. தட்டை யார் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் நான் எதையும் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லா டீச்சர் மலையில் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை. நான் தமிழ். இருவருக்கும் வீடு கள்ளக்குறிச்சியில். தினமும் காலையில் அவருடைய சின்ன வெள்ளைக் காரில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறுவோம், சாயங்காலம் இறங்குவோம். ஓட்டுவது அவர். பேசுவது நான். "வளரு, கொண்டை ஊசி வளைவுல மட்டும் வாய மூடிக்க, மத்த இடத்துல எவ்ளோ வேணா பேசிக்க" என்பார். நான் மூடியதில்லை.

அந்தக் காருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. போட்டவர் அவருடைய கணவர் சேவியர் அண்ணன். அண்ணனுடைய தங்கை வீட்டுக்காரர் ஒரு மலைப்பாதையில் வேன் கவிழ்ந்து இறந்தவர். அதிலிருந்து மலை என்றாலே அண்ணனுக்குப் பயம். மனைவி பஸ்ஸில் போய் வந்தபோது பொறுத்துக்கொண்டார். கார் வாங்கித் தானே ஓட்டப் போகிறேன் என்றதும் மூன்று நாள் சாப்பிடவில்லையாம். கடைசியில் இறங்கிவந்து, "வாங்கிக்க. ஆனா வண்டி ஒரே ஒரு தடவை மலையில நின்னாலும், மறுநாளே கீழ மாறுதல் கேட்டு எழுதிக் குடுத்துடணும். ஆண்டவர் பேர்ல சொல்லு" என்றார். டீச்சர் வேதாகமத்தில் கை வைத்துச் சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "ஏன் டீச்சர் இப்படியொரு சத்தியம்? வண்டின்னா நிக்காதா?" என்று கேட்டேன். "நான் நல்லா வச்சிக்கினா ஏன் நிக்கப்போவுது?" என்றார்.

மாறுதல் கேட்பதில் அவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். அவர் வருவதற்கு முன் எங்கள் பள்ளியில் கணக்குக்கு ஆளே இல்லாமல் கிடந்தது. யார் யாரோ வந்து எதையோ நடத்திவிட்டுப் போனார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் விழுந்த பிள்ளைகள் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்கும், கர்நாடகாவுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கும் போய்விடுவார்கள். டீச்சர் வந்த பிறகுதான் அது குறைந்தது. "நான் கீழ போய்ட்டா அடுத்த ஆளு வந்து சேர்றதுக்குள்ள ஒரு பத்தாங்கிளாஸே போயிடும் வளரு. அந்தப் புள்ளைங்க மூஞ்சிய யாரு பாக்கறது?" என்பார். அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அந்த பயத்தை அவர் அந்தக் காரின் என்ஜினில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

அதனால்தான் ஆயில் விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் ஆயில் வாங்க முதல்முறை போனபோது நானும் கூட இருந்தேன். கடைக்காரர் நல்ல மனுஷர். "மலை ஏர்ற வண்டியா டீச்சர்? அப்ப இருவது டபிள்யூ ஐம்பது எடுத்துக்கினு போங்க. நல்லா கெட்டியா நிக்கும். லாரிக்காரங்க எல்லாம் இன்னா ஊத்தறாங்கன்னு நெனக்கிறீங்க?" என்றார். டீச்சர் கைப்பையிலிருந்து காரோடு வந்த புத்தகத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். "இதுல ஜீரோ டபிள்யூ இருவதுன்னு போட்டிருக்குங்க." கடைக்காரர் சிரித்தார். "அது தண்ணி மாதிரி இருக்கும் டீச்சர். மலையில அதை ஊத்திக்கினு போனா என்ஜின் கத்தும்." டீச்சர் அசையவில்லை. "என் வண்டி செஞ்சவன் அதைத்தான் கேக்கறான். லாரி கேக்கறத லாரிக்குக் குடுங்க." அந்த ஆயில் கடையில் இருப்பு இல்லை. வரவழைத்துக் கொடுக்கும்வரை டீச்சர் விடவில்லை. நான் வெயிலில் நின்று நின்று தலைவலி பிடித்துப்போனேன்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கும் ஒரு வகுப்பு எடுத்தார். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால், ஆறிக் கிடக்கிற என்ஜினில் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் இருக்கும் எண், சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று காட்டும். "காலையில சாவி போட்டதும் ஆயில் ஓடிப்போய் மேல சேரணும். கெட்டியா இருந்தா அது மெதுவா எந்திரிச்சு வர்றதுக்குள்ள உள்ள இரும்பும் இரும்பும் தேஞ்சிடும்" என்றார். "மலைக்கு?" என்றேன். "மலைக்கும் அதேதான். இந்த என்ஜினுக்கு உள்ள இடுக்கெல்லாம் குறுகலு. கெட்டியானது நுழையாது. நாம ஏர்ற இடத்தப் பாத்து வாங்கக்கூடாது, இது எந்த என்ஜின்னு பாத்து வாங்கணும்." எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் மறுநாள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரிடம் எல்லாம் தெரிந்த மாதிரி இதை அளந்துவிட்டேன்.

டீச்சருக்குத் தவறே வராது என்று நினைத்துவிடாதீர்கள். புது ஆயில் ஊற்றிச் சில வாரங்களிலேயே அது கறுத்துவிட்டது என்று பதறிப்போய் மொத்தத்தையும் வடித்துக் கொட்டிவிட்டார். மெக்கானிக், "அழுக்க இழுத்துக்கினா கறுக்கத்தாங்க செய்யும். துணி துவச்ச தண்ணி கறுத்தா சோப்பு கெட்டுப்போச்சுன்னா சொல்வீங்க?" என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரம் அதைச் சொல்லியே அவரை ஓட்டினேன். தினமும் காலையில் கிளம்புமுன் பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, பழைய புடவைத் துண்டில் துடைத்துத் திரும்ப விட்டுப் பார்ப்பார். அந்தத் துண்டை மடித்துக் கைப்பையில் எங்கள் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பார். எங்கள் எலுமிச்சை சாதத்தில் ஆயில் வாடை அடிக்காத நாளே கிடையாது.

இனி அந்த ஆயுத பூஜை.

மலைமேல் எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் கரியாலூர் ஜீப் ஸ்டாண்டில் பூஜையை ஒரு நாள் முன்னாலேயே போட்டுவிடுவார்கள். பண்டிகையன்று அருவி பார்க்க வருகிற கூட்டத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைப்பதற்கு முன், ஒவ்வொரு டிரைவரும் பக்கத்து வண்டிக்குத் தன் கையால் கொஞ்சம் ஆயில் ஊற்றுவார். சண்டை போட்டவர்கள்கூட அன்று ஊற்றிவிட வேண்டும். எங்கள் கார் நிற்பது ஸ்டாண்டின் ஓரத்துப் புளியமர நிழலில். சாவியும் ஸ்டாண்டில்தான் இருக்கும். அந்த வருஷம் நாங்கள் வகுப்பில் இருந்தபோது காருக்கும் மாலை போட்டிருந்தார்கள், சந்தனம் பூசியிருந்தார்கள். சாயங்காலம் வந்து பார்த்த டீச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாரேன் வளரு, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றார். வேறு என்ன செய்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இறக்கத்தில் நான்காவது வளைவோ ஐந்தாவதோ, தீய்ந்த வாடை வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. அன்று சேவியர் அண்ணன் களமருதூரில் நெல் அறுப்பில் இருந்தார். ராத்திரிதான் வீட்டுக்கு வருவார். நான் சொன்னேன்: "டீச்சர், நிறுத்தாதீங்க! எறக்கம்தானே, மெதுவா உருட்டிக்கினு கீழ போய்டலாம். கச்சிராயபாளையத்துல மெக்கானிக் இருக்கான். அண்ணனுக்குத் தெரியவே வேணாம்." டீச்சர் ஒரு கணம் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தார். பிறகு வளைவு தாண்டி அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, என்ஜினை அணைத்துவிட்டார். "நான் சத்தியம் பண்ணது இந்த என்ஜினுக்குத் தெரியுமா வளரு? எறக்கத்துல என்ஜின் வண்டிய இழுத்துப் புடிக்கலன்னா பிரேக்க மட்டும் நம்பணும். நீ வேற பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாறுதல் உறுதி என்று அப்போதே இருவருக்கும் தெரியும்.

ஆயில் அடங்கட்டும் என்று சற்று நேரம் பொறுத்து, கம்பியை உருவிப் பார்த்தார். கம்பியில் போட்டிருக்கும் மேல் அளவையும் தாண்டிப் பிசுபிசுவென்று கெட்டியாக ஏறியிருந்தது. ஏற்கெனவே நிறைந்திருந்த என்ஜினில் யாரோ லாரி ஆயிலைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். அதற்குள் மேலிருந்து தங்கதுரையின் ஜீப் வந்து நின்றது. கம்பியைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "நான்தாங்க ஊத்துனேன். நல்ல ஆயிலுங்க, என் வண்டிக்கு ஊத்தறதவிட ஒசத்தியா வாங்கினேன். உங்க வண்டியும் நம்ம ஸ்டாண்டு வண்டிதானேன்னு..." அதற்குமேல் பேச வரவில்லை. நான் அவரைக் கடித்துக் குதறத் தயாராக இருந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "இன்னா தங்கதுரை, ஜாக்கெட் தச்சுக் குடுக்கறவரு அளவு கேக்க மாட்டீங்களா?" என்றார். தங்கதுரை அழுதுகொண்டே சிரித்தார். "நம்ம ஸ்டாண்டு வண்டின்னு சொன்னீங்களே, அது போதும் எனக்கு" என்ற டீச்சர், பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குமுன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

தங்கதுரை எங்களை ஜீப்பில் இறக்கிவிட்டார். வீட்டுக்குப் போனதும் டீச்சர் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்தேன். சேவியர் அண்ணன் உள்ளே நுழைந்ததும், "வண்டி மலையில நின்னுடுச்சுங்க. பூஜ லீவு முடிஞ்சதும் எழுதிக் குடுத்துடறேன்" என்றார். தங்கதுரை பெயரைச் சொல்லவில்லை. புகை வந்தது, நிறுத்தினேன், அவ்வளவுதான். என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணா, அவங்க நெனச்சிருந்தா ஓட்டிக்கினு வந்திருக்கலாம். நான்கூட அப்படித்தான் சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்று உளறிக்கொட்டினேன்.

அண்ணன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்குப் பயம் வண்டி மேல இல்ல, ஸ்டெல்லா. அந்தப் புள்ளைங்களுக்காக நீ எதுலயும் துணிஞ்சு எறங்கிடுவேன்னுதான் பயம். நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்துவேன்னா, நீ போ. எழுதிக் குடுக்க வேணாம்" என்றார். டீச்சர் அவர் தோளில் சாய்ந்துகொண்டு விம்மி விம்மி அழுதார். நான் சமையலறைக்குப் போய் யாரும் கேட்காத காப்பியைப் போட்டேன். மறுநாள் அண்ணனே சரியான ஆயிலை வாங்கிக்கொண்டு, மெக்கானிக்கோடு மலைக்குப் போனார். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் காருக்கு எந்த ஆயில், எவ்வளவு என்று ஸ்டாண்டில் எல்லாருக்கும் மனப்பாடம். பூஜைக்கு ஒரு மூடி அளவு மட்டும் ஊற்றுவார்கள். டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மாதா கோயிலில் அடக்கத்தன்று மலையிலிருந்து ஜீப்புகள் வரிசையாக வந்து நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்று மலையில் ஒரு சவாரியும் ஓடவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு ஒரு காலை பத்தாம் வகுப்பின் கணக்குப் பாடவேளையில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய், "டீச்சர் எங்க விட்டாங்க?" என்றேன். முக்கோணவியல் என்றார்கள். ஒரு கணக்கைப் பலகையில் எழுதினேன். அவர்மேல் எனக்கிருந்த பாசம் முழுவதையும் கூட்டிக்கொண்டு எழுதினேன். இரண்டாவது வரியில் தப்பு. அழித்து எழுதினேன், அதுவும் தப்பு. பிள்ளைகள் என்னை நோகடிக்கக்கூடாது என்று அந்தத் தப்பையும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 

சாக்பீஸைக் கீழே வைத்தேன். "எழுதினத அடிச்சிடுங்க. எனக்கு இது வராது. உங்களுக்கு வேண்டியது நான் இல்ல, கணக்கு டீச்சர்" என்றேன். அன்று மதியமே அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, கல்வி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். பார்த்துக்கொள்கிறோம், அதுவரை நீங்களே எதையாவது நடத்துங்கள் என்றார்கள். மாட்டேன் என்றேன். மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். எல்லாரையும் அனுசரித்துப் போய்விடுகிற பெண் நான். இப்படி முடியாது என்று சொல்லி நிற்பது எனக்கு வழக்கமே இல்லை. ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். நாளைக்கும் போவேன்.