மாமனார் கொடுத்த லைன் கிளியர்

ரயில்வே சிக்னல் கேபினில் இருந்து ஓய்வு பெற்று வந்த மாமனாரை வீட்டில் யாரும் எதற்கும் கேட்டு நடக்கவில்லை, மருமகள் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கும்வரை.

கட்டப்போகும் வீடுகளைக் கட்டி முடித்ததுபோலவே படமாக்கித் தருவது அவள் தொழில். அதற்காக வாங்கிய பெட்டிக்குள் செங்கல் பருமனில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. படம் தயாராகும் நேரத்தில் அது கரண்டைக் குடம் குடமாகக் குடித்தது. வீடோ பழைய வீடு. நாலு விளக்கும் ஒரு ரேடியோவும் போதும் என்று நினைத்தவர்கள் இழுத்த ஒயர். மாமியார் மிக்ஸியைப் போட்டால் போதும், மெயின் பட்டென்று விழும். முக்கால்வாசி முடிந்த மாளிகை ஒன்று அப்படித்தான் திரையிலிருந்து காணாமல் போனது. மருமகள் அழுதாள். மகன் மிக்ஸியைக் குறை சொன்னான். மாமியார் அவனோடு பேச்சை நிறுத்தினார்.

அன்றே மாமனார் பொறுப்பைக் கையில் எடுத்து, மீட்டர் பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டார். கம்ப்யூட்டர் ஓடினால் ஹீட்டர் நிற்க வேண்டும். ஹீட்டர் ஓடினால் இஸ்திரிப்பெட்டி காத்திருக்க வேண்டும். குளிக்கப் போகும் மகன்கூடத் தோளில் துண்டோடு அவர் முகத்தைப் பார்த்து நின்றான். அவர் "லைன் கிளியர்" என்றால்தான் போகலாம். எக்ஸ்பிரஸ்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் நின்றன. மனிதருக்குப் பத்து வயது குறைந்துபோனது.

பிறகு மகன் நல்ல பிள்ளையாக ஒரு காரியம் செய்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயர் முழுவதையும் மாற்றி, மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லோடையும் கூட்டி வாங்கினான். இனி எல்லாம் ஒன்றாக ஓடலாம். வீடே சந்தோஷப்பட்டது. மாமனாரும் சந்தோஷம் என்றுதான் சொன்னார்.

ஒரு மத்தியானம் மருமகள் அறையை விட்டு வந்து பார்த்தால் ஹீட்டர், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. தேய்க்கத் துணியில்லை, அரைக்க ஒன்றுமில்லை. மாமனார் மெயினையே பார்த்தபடி நிற்கிறார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தாங்குதான்னு பாத்தேன்."

"தாங்குதா?"

"தாங்குது" என்றார், துக்கச் செய்தி சொல்கிறவர்போல.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"புது ஒயர் இல்லியா மாமா, கொஞ்ச நாளைக்கு யாராவது பக்கத்துல இருந்து பாத்துக்கணும்னு எலக்ட்ரீஷியன் சொன்னார்."

எலக்ட்ரீஷியன் அப்படி எதுவும் சொல்லவில்லை. அது மாமனாருக்கும் தெரியும். வேலை முடியும்வரை கூடவே நின்றவர் அவர்தான். இருந்தாலும் மூன்றையும் அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில், சமையலறையில் மிக்ஸிக்குக் கை நீட்டிய மாமியாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி ஒரு குரல் போனது.